தோள் இல்லாத பொம்மை

நேற்று சாயங்காலம் என் கைக்கடிகாரம் என்னைப் பாராட்டியது. இன்றைக்கு நடக்க வேண்டிய நடையை நடந்து முடித்துவிட்டேனாம். நான் வாசற்படியைக் கூடத் தாண்டவில்லை. அடுப்படியில் நின்ற இடத்திலேயே நின்று சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை ஆடியதைக் கால் நடந்ததாக அது எடுத்துக்கொண்டது. வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் உடம்பு எப்படி அசைந்தது என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிற எந்த மெஷினையும் நான் நம்புவதில்லை. என்னையும் அவ்வளவாக நம்புவதில்லை. அதற்குக் காரணமான கதையை நம் செட்டு ஆட்களிடம்தான் சொல்ல முடியும்.

நம் செட்டு என்றால், முப்பதைத் தாண்டி, காதோரம் நாலு வெள்ளை முடியைப் பிடுங்கலாமா விடலாமா என்று கண்ணாடி முன்னால் யோசிக்கிறவர்கள். சர்க்கார் கொடுத்த பதினாலு இஞ்ச் கலர் டிவியில் படம் பார்த்தவர்கள். கரண்ட் எந்த மணிக்குப் போகும், எந்த மணிக்கு வரும் என்று பள்ளிக்கூட டைம்டேபிளைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். உங்களுக்கு அந்தக் காலத்தை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு மாரண்டஹள்ளியில், காய்கறி மண்டிக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா தக்காளி மண்டியில் வேலை பார்த்தார். கூடை கூடையாக வரும் தக்காளியைத் தரம் பார்ப்பது அவர் வேலை. மேலே அடுக்கியிருப்பதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராகக் கையை அடியில் விட்டு ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பார். வீட்டுக்கு யாராவது இனிப்பு வாங்கி வந்தாலும் முதலில் பெட்டியின் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஆளும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டார்.

நான் ஏழாவது படித்த வருஷம், கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. தோளில் ஒரு பெரிய பை. அதிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியையும், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளைக் குச்சியையும், விரல் தடிமன் உள்ள ஒரு கறுப்புப் பட்டையையும் எடுத்து வைத்தார். பெட்டியை டிவியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களால் மாட்டினார். பட்டையை டிவியின் தலையில் ஒட்டினார். குச்சியின் நாடாவைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கையை வீசினார். டிவிக்குள்ளே ஒரு பொம்மை பந்தை உருட்டியது. பாதையின் கோடியில் நின்ற பத்து கட்டைகளும் கடகடவென்று சாய்ந்தன.

“நம்ம கை எப்படி அசையுதோ, அப்படியே பொம்மையும் அசையும்ணா. அதான் இதுல விசேசம்,” என்றார் சித்தப்பா.

அப்பா பொம்மையைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். யாரோ ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது.

“இது யாருதுடா?”

“எங்க ஆபீஸ் சார் ஊருக்கே போயிட்டார்ணா. வூட்டக் காலி பண்றப்ப எனக்குக் குடுத்தார்.”

“இம்மாம் பெரிய பொருள சும்மா குடுத்தாரா?”

“சும்மாதாண்ணா.”

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. நம்பவும் இல்லை. அவர் சாகும்வரை அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதில் அவருக்கு ஒரு கணக்குத் தீராமலேயே இருந்தது. சித்தப்பா லீவு முடிந்து போகும்போது, “பாப்பா வெளையாடட்டும்,” என்று எனக்காக அதை விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் குச்சியின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புது செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. உள்ளே இரண்டு பேட்டரி போட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்பேன். சூடு ஏறியதும் இன்னும் அரை நாள் ஓடும். பந்து கட்டைகளில் மோதும்போது குச்சி உள்ளங்கையில் கிர்ரென்று அதிரும். அதைத் தொட அம்மாவுக்குப் பயம். அவள் ஒரு துணியால் பிடித்துத்தான் அதை நகர்த்துவாள்.

புது வருஷம் பிறந்து ஒரு வாரத்தில் அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த பிறகும் அவளை அப்பா ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். மல்பெரி இலையை அறுத்துச் சுமந்து, ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிய தட்டுகளில் போட வேண்டும். நான்கு வேளையும் போட வேண்டும். அத்தை ஒரே ஒரு துணிப்பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது, கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு வருகிறவளைப் போல.

“தோள் ஒறஞ்ச மாதிரி ஆயிடுச்சுங்கண்ணா. தூக்கவே முடியல. தீபாவளிக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான்,” என்றாள்.

“எங்கியாவது வுழுந்தியா?”

“இல்லீங்க.”

“அடி பட்டுச்சா?”

“இல்லீங்கண்ணா. அதுவா வந்துச்சு.”

டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த ‘ஒன்றுமில்லை’ எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அப்பா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. கூடத்தில் இன்னொரு பாய் விரிக்க வேண்டும், இன்னொரு தட்டு கழுவ வேண்டும். அத்தையின் கையோ அம்மாவுக்குப் புரியாத கையாக இருந்தது. வெங்காயம் அரிய வரும். மாவு பிசைய வரும். முருங்கைக்கீரை உருவ வரும். கொடியில் துணி போட வராது. மேல் அலமாரியிலிருந்து உப்பு ஜாடி எடுக்க வராது. முதுகு தேய்க்க வராது.

“வேணுங்கறப்ப வருது, வேணாங்கறப்ப வரல. புழுவுக்கு எல போடறதுக்குப் பயந்துட்டு வந்து ஒக்காந்துட்டா,” என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அம்மா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். “அத்த தனியா இருக்கறப்ப கைய மேல தூக்கறாளான்னு பாத்துட்டு வந்து சொல்லு. யாருகிட்டயும் மூச்சு வுடாத.”

பன்னிரண்டு வயதில் இதைவிடப் பெரிய பதவி வேறு என்ன இருக்கிறது? கதவிடுக்கிலும் ஜன்னல் ஓரத்திலும் நின்று நான் அத்தையைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். ரவிக்கை மாட்டும்போது முதலில் வலது கையைச் செத்த கையைப் போல நுழைத்து, பிறகு இடது கையை நுழைப்பதைப் பார்த்தேன். ஒருநாள் பின்கட்டு அறையில் அவள் தலை பின்னுவதைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே கவிழ்த்து, முடியை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டாள். வலது முழங்கையைத் தொடையில் ஊன்றி, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னினாள். முடித்து நிமிரும்போது முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “அத்த தனியா தல பின்னிக்கிட்டாங்கம்மா.”

“பாத்தியா,” என்றாள் அம்மா.

எப்படிப் பின்னினாள் என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் எலி அந்தக் கறுப்புப் பட்டையின் ஒயரைக் கடித்துவிட்டது. திரையில் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். அவர் சிரித்தார். “டிவிக்கு முன்னாடி ரெண்டு மெழுகுவத்திய ஒரு அடி தள்ளித் தள்ளிக் கொளுத்தி வெய்யி, அது போதும்,” என்றார். குச்சியின் நுனியில் ஒரு கண் இருக்கிறதாம். அந்தப் பட்டையின் இரண்டு முனையிலும் நமக்குத் தெரியாத வெளிச்சம் வருகிறதாம். குச்சி பார்ப்பது அந்த இரண்டு புள்ளிகளைத்தான். மெழுகுவத்தியும் அதற்கு ஒன்றுதான்.

“மெழுகுவத்தில ஓடற மெஷினா?” என்றார் அப்பா. போனைத் தன் காதில் வாங்கி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வீட்டில் மாதா படத்துக்கு முன் ஏற்றும் மெழுகுவத்திகள் இருந்தன. அவற்றில் கோயிலில் மந்திரித்து வாங்கியதை அம்மா தனியாக எடுத்து ஒளித்து வைத்தாள். மிச்சத்தில் இரண்டை நான் டிவி முன்னால் ஏற்றினேன். ஆட்டம் ஓடியது. எதிர் வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் இரண்டு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து அதன் முன்னால் இந்தப் பெண் என்னத்தைக் கையை வீசி வீசி ஓதுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் அவள் எங்கள் வீட்டுக் குழம்பைக்கூட வாங்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கரண்ட் இருக்கிற ஒரு மணி நேரம் ஆடுவேன். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், “எனக்கும் ஒரு வாட்டி குடு கண்ணு,” என்றாள்.

எனக்குச் சட்டென்று உள்ளே ஒரு மணி அடித்தது. இதோ, கையைத் தூக்கப் போகிறாள்.

“கையப் பின்னாடி கொண்டுபோயி நல்லா வீசணும் அத்த. இப்பிடி.” நான் முழுக்கையையும் வீசிக் காட்டினேன்.

அவள் குச்சியை வாங்கிக் கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள். அரை சாண் போவதற்குள் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஆவாது,” என்று குச்சியை மடியில் வைத்தாள். வைக்கும்போது மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. திரையில் பொம்மையின் கை துள்ளியது.

அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

முழங்கையை விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மணிக்கட்டை மட்டும் கீழே ஒரு மடக்கு, மேலே ஒரு சுண்டு. அவ்வளவுதான், வெந்நீர் பதம் பார்த்து விரலை உதறுவோமே, அந்த அளவு. டிவிக்குள் பொம்மையின் கை முதுகுக்குப் பின்னால் உயரப் போய், விசிறிக்கொண்டு முன்னால் வந்தது. பந்து நேராக ஓடிப் பத்து கட்டைகளையும் சாய்த்தது. குச்சி அதிர்ந்தது.

“அய்யோ, உசுரோட துடிக்குது!” என்று அத்தை கத்தினாள். பிறகு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மேல் வரிசையில் ஒரு பல் ஏறியிருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்காக ஒரு பொம்மை செய்தேன். வட்ட முகம், கொண்டை, சிவப்புச் சட்டை. அந்த ஆட்டத்தில் பொம்மைகளுக்குத் தோளே கிடையாது. உடம்பு ஒரு கட்டை, பக்கத்தில் அந்தரத்தில் மிதக்கும் ஒரு உருண்டைதான் கை. “என்ன கண்ணு, எனக்குத் தோளே வெக்கல? நல்லதுதான், வலிக்காது,” என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு தினமும் ஆடினோம். தினமும் அத்தைதான் ஜெயித்தாள். நான் கையை முழுவீச்சில் வீசினேன், வியர்வை வழிய வீசினேன், ஒருமுறை அலமாரியில் இடித்து விரல் வீங்கியது. என் பந்து ஓரப் பள்ளத்தில்தான் விழும். அத்தை நாற்காலியை விட்டு எழாமல், முழங்கையை அசைக்காமல், சுண்டிச் சுண்டிச் சாய்ப்பாள். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பெயர்ப் பட்டியலில் அவள் பொம்மை என் பொம்மைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அது என் வீடு, என் டிவி, எனக்குக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு. சிரித்துக்கொண்டு தோற்க எனக்குத் தெரியவில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அத்தை சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அதற்குச் சற்று முன்தான் தொடர்ந்து நாலு ஆட்டம் என்னைத் தோற்கடித்திருந்தாள். அப்பா மண்டியிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, அத்த தெனமும் கைய வீசி வீசிப் பந்து போடறாங்க. என்னையவே தோக்கடிச்சுட்டாங்க.”

சொம்பு அப்படியே நின்றது. “கைய வீசியா?”

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் போதும். மணிக்கட்டு என்ற ஒரு வார்த்தை. நான் சொன்னது, “ஆமா. வேணும்னா டிவில பாருங்க.”

அப்பா ஈரக்காலோடு உள்ளே வந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். அத்தை பொம்மை எல்லோருக்கும் மேலே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“கை அசஞ்சாத்தான் அது அசையும்னு உங்க தம்பிதான சொன்னாரு,” என்றாள்.

அப்பா போனை எடுத்து மாமாவுக்குப் போட்டார். “ஞாயித்துக்கெழம வாங்க மாப்ள. பாப்பாவக் கூட்டிட்டுப் போவலாம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது மாமா வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சட்டையில் புழுக்கொட்டகையின் வாடை. “புழு பெருசாயிடுச்சுங்க மச்சான். ஒத்த ஆளா சமாளிக்க முடியல,” என்றார். அத்தை அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

அப்பா என்னிடம் திரும்பினார். “அதப் போடு கண்ணு.”

நான் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

“நீ ஆடு பாப்பா. மாப்ள பாக்கட்டும்,” என்றார் அப்பா.

அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் பயப்படவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது ஒருவிதத் தெம்பு என்றே நினைக்கிறேன். கடைசியாக எல்லோரும் தன் கையைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து நாடாவை மாட்டிக்கொண்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டாள்.

“பாருங்கண்ணா, மணிக்கட்டு மட்டுந்தான். நல்லாப் பாருங்க,” என்று சொல்லிச் சுண்டினாள்.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். பொம்மையின் கை வானத்துக்கும் பூமிக்குமாக வீசியது. கட்டைகள் சாய்ந்தன. டிவிக்குள் யாரோ கைதட்டினார்கள்.

“அம்மாடி,” என்றாள் அம்மா.

“பாத்தீங்களா மாப்ள,” என்றார் அப்பா.

“அண்ணா, டிவிய ஏன் பாக்கறீங்க, என்னையப் பாருங்க.” அத்தை திரும்பவும் சுண்டினாள். திரும்பவும் டிவி கைதட்டியது.

நான் டிவியைப் பார்க்கவில்லை. அத்தையின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நூல்கூட விலகவில்லை. அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“வீசறதுக்கு வருது, தூக்கறதுக்கு வராதா?” என்று அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. மனிதர்கள் போடுகிற சத்தமாக இல்லை. அதற்கு ஒரு நொடி முன்னால், ஈரத்துணி கிழிவதைப் போல ஒன்று கேட்டது. அது தோளிலிருந்து வந்தது. அத்தை நாற்காலியோடு சாய்ந்தாள். குச்சி நாடாவில் தொங்கி ஆடியது. அது ஆட ஆட, டிவிக்குள் பொம்மை பந்தை உருட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா கையை விட்டுவிட்டார். ஆனால், “நடிக்காத பாப்பா,” என்றார். சொன்ன குரலில் பலமில்லை. சொல்லிவிட்டதால் அதிலேயே நின்றார். மத்தியான பஸ்ஸில் மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தை அழவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. துணிப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

ஈஸ்டருக்குச் சித்தப்பா வந்தார். கோழி வெந்துகொண்டிருந்தது. “அக்கா எங்க அண்ணி? வரலியா?” என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள், டிவி கைதட்டியது வரைக்கும். சொல்லச் சொல்லச் சித்தப்பாவின் முகம் மாறியது.

அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது முழங்கையை விலாவோடு வைத்து, உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னார். என்னைத்தான் சொன்னார். நான் இரண்டு முடிச்சுப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணா, இப்ப டிவியப் பாக்காதீங்க. என் தோளப் பாருங்க,” என்று சொல்லிச் சுண்டினார்.

அப்பா தோளைப் பார்த்தார். கட்டைகள் சாயும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை என்றார் அப்பா. இன்னொரு முறையும் சாய்ந்தன. நாலாவது முறைக்குப் பிறகு அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். கோழி அடுப்பிலேயே இருந்தது. சித்தப்பாவும் கிளம்பினார். யாரும் கூப்பிடாமல் நானும் கூடவே ஓடினேன். பாலக்கோடு, தருமபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறிப் போனோம்.

அத்தை புழுக்கொட்டகையில் இருந்தாள். உள்ளே இருட்டும் புழுக்கமும். ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறலைப் போலக் கேட்டது. கிழிந்த சேலைத் துணியில் வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். முழங்கைவரை கன்றிப்போய், பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. இடது கையால் கீழ்த்தட்டுகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்பா,” என்றார் அப்பா.

அவள் திரும்பவில்லை. “இந்த வரிசைக்குப் போட்டுட்டு வரேங்கண்ணா,” என்றாள்.

மாமா வெளியே நின்று, “நான் மேல்தட்டெல்லாம் போடச் சொல்லலீங்க மச்சான். அதுவே கேக்க மாட்டேங்குது,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தருமபுரியில் ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டினார்கள். வயதான பெண்மணி. தோளைத் தொடுவதற்கு முன்னால் அத்தையின் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அது எக்கச்சக்கமாக இருந்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் மூட்டு இப்படி இறுகிப்போவது உண்டு, படத்தில் தெரியாது, மணிக்கட்டும் விரலும் நன்றாக வேலை செய்யும், தோள் மட்டும் வராது என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் கன்றிய இடத்தைப் பார்த்தார்.

“இறுகின மூட்ட இப்படி யாரு இழுத்தது?”

மாமா தரையைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார்.

“நாந்தாங்க டாக்டர்,” என்றார் அப்பா.

“நீங்க யாரு?”

“அண்ணன்.”

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். நானும் அவரோடு போய் உட்கார்ந்தேன். அப்பா தன் வலது கையை மடியில் மல்லாக்க வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும்ப்பா, முன்னாடியே தெரியும் என்று. சொல்லவில்லை.

அத்தையின் கை மேல்தட்டுவரை எட்ட ஒன்றரை வருஷம் ஆனது. முழுக்க எட்டவில்லை. மாமாதான் வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சிக்குக் கூட்டிப்போனார். அப்பா ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூடப் போனார். அந்த வெள்ளைப் பெட்டியை அப்பா சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். பிறகு ஒருநாள் பழைய இரும்புக்காரனோடு அது போயிருக்க வேண்டும். குச்சி மட்டும் தனியாகக் கொஞ்ச காலம் கண்ணில் பட்டது. அதுவும் பிறகு காணாமல் போனது.

அண்ணன் தங்கை பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அத்தையும் அம்மாவும்தான் பேசவே இல்லை. அப்பாவின் சாவுக்கு வந்தபோதும் அத்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “கைய இழுத்தவரு அண்ணன். அவருகிட்ட பேசினா. என்கிட்ட மட்டும் என்னாத்துக்கு இவ்ளோ வன்மம்?” என்று அம்மா என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள்.

இந்த வருஷம் சித்தப்பா மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். மண்டபத்தில் விருந்து. அத்தைக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. பந்தி முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட்டத்தின் அந்தப் பக்கத்தில் அம்மா தனியாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் அன்றைக்கு வாய் வந்தது என்று தெரியவில்லை.

“அத்த, அப்பா உங்க கையத் தூக்கினாரே, அன்னைக்கு உங்க முழங்கை அசையலன்னு எனக்குத் தெரியும். தெனமும் பாத்திருக்கேன். நான் சொல்லிருக்கணும்.”

“எனக்கும் தெரியும். எல்லாரும் டிவியப் பாத்தாங்க. நீ மட்டுந்தான் என் கையப் பாத்துட்டு நின்ன. நீ சொல்லுவேன்னு உன்னையே பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “வுடு. உங்கம்மா சொல்லாதன்னு மெரட்டிருப்பா. சின்னப்புள்ள நீ என்னா பண்ணுவ.”

“அம்மா சொல்லல அத்த.”

“அவளக் காப்பாத்தாத. எனக்கு இப்ப கோவமெல்லாம் இல்ல.”

“நெசமாலுமே. உங்களப் பாத்துட்டு வந்து சொல்லச் சொன்னாங்க, அது வாஸ்தவம். ஆனா நீங்க எப்படி ஆடறீங்கன்னு அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. இப்ப வரைக்கும் நான் சொல்லல.”

அத்தை முழுசாக என் பக்கம் திரும்பினாள். “அப்பறம் ஏன் கண்ணு வாயத் தொறக்கல?”

“நீங்க தெனமும் ஜெயிச்சீங்க. எனக்குப் பொறுக்கல.”

அவள் என் முகத்தில் எதையோ தேடினாள். அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் தேடினாள்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் அத்த.”

அவள் திட்டவில்லை, என் தலையைத் தடவவும் இல்லை. நாற்காலியின் கையை இடது கையால் பிடித்து எழுந்தாள். காலியான பந்திகளுக்கு நடுவே, இறைந்து கிடந்த காகிதக் கிண்ணங்களைத் தாண்டி மெதுவாக நடந்துபோய், அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை மட்டும் ஒருமுறை சுண்டிக் காட்டி ஏதோ கேட்டாள். அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. இத்தனை வருஷம் கழித்துத் தன்னோடு பேசுகிறவளை அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தாள், நான் என்னத்தை மறைத்து வைத்திருந்தேன் என்று கேட்பதைப் போல.